சூரியனை எழுப்பவும்

காலை ஆறு மணி பதினொரு நிமிடத்துக்கு, பதினொரு விதிகள் அச்சடித்த ஒரு மஞ்சள் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, தொலைபேசி நிலையத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்ற ரூபாவதி, நெடுங்கரை கீழரத வீதியிலுள்ள தன் வீட்டு மொட்டை மாடிக்கு ஏறி, கிழக்கே திரும்பி நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஹலோ, வணக்கம். மணி ஆறு பதினொன்று. எழுந்திருங்க" என்றார். அது 2018 ஆகஸ்ட் 20, திங்கட்கிழமை. மூன்று நிமிடம் கழித்துச் சூரியன் எழுந்தது. பஞ்சாங்கத்திலும் அதே நேரம்தான் போட்டிருந்தது என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ரூபாவதிக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று ஷிப்ட் பார்த்தே பழகிய உடம்பு அது. அவர் ஓய்வுபெற்று இரண்டு வருடமாகியும் உடம்புக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. பசி இரவு இரண்டு மணிக்கு டூட்டிக்கு வந்தது, தூக்கம் பகல் பதினொரு மணிக்கு வந்து கையெழுத்துப் போட்டது, வயிறு மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நாலாம் நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஆஜரானது, முழங்கால் இரண்டும் படியைக் கண்டாலே வேலைநிறுத்தம் செய்தன. கடைத்தெருவில் வைத்தியசாலை வைத்திருக்கும் அச்சுதன் வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்து, "அம்மே, உங்களுக்கு நோய் ஒண்ணும் இல்லை. உடம்புக்கு மணி பார்க்கத் தெரியலை, அத்தனைதான்" என்று சொல்லி, மருந்துக்குப் பதிலாக அந்த மஞ்சள் தாளைக் கொடுத்தார். 'தினசரி ஒழுக்கம்' என்று தலைப்பு. நாக்கை வழிப்பது, வெதுவெதுப்பான நீர் குடிப்பது, நல்லெண்ணெயை வாயில் ஊற்றிக் கொப்பளிப்பது, மூக்கில் இரண்டு சொட்டு மருந்தெண்ணெய் விடுவது, உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்ப்பது, பயற்றமாவு போட்டுக் குளிப்பது, நடுப்பகலில் வயிறாரச் சாப்பிடுவது, பொழுது சாயுமுன் இரவுச் சாப்பாட்டை முடிப்பது, சாப்பிட்டதும் நூறு அடி நடப்பது, பத்து மணிக்குப் படுப்பது என்று இரண்டாம் விதியிலிருந்து பதினொன்றாம் விதி வரை எல்லாம் சரியாகவே இருந்தது.

முதல் விதியில்தான் கை தவறியது. வைத்தியர் எழுதிக் கொடுத்தது "சூரியனுக்கு முன் எழும்பவும்" என்று. அச்சகத்தில் அடித்தவர் 'ம்' வரவேண்டிய இடத்தில் 'ப்' அடித்ததில் அது "சூரியனுக்கு முன் எழுப்பவும்" என்றானது. அச்சுப் பிழை பார்த்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எழுப்பவும் என்றால் யாரை என்ற கேள்விக்கு வாக்கியத்தில் பதில் இல்லாததைக் கண்டு, செயப்படுபொருள் இல்லாத ஒரு வாக்கியத்தைத் தன் கையால் ஊருக்குள் அனுப்ப மனமில்லாமல், "சூரியனை எழுப்பவும்" என்று திருத்திவிட்டார். ஐந்நூறு பிரதிகள் அச்சாயின. நானூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் அந்த வரியைப் படித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தார்கள். ரூபாவதி அதன்படி செய்தார்.

அவருக்கு அதில் வினோதம் எதுவும் தெரியவில்லை. தொலைபேசி நிலையத்தில் அலாரம் கால் என்று ஒன்று உண்டு. ரயிலுக்குப் போகிறவர்களும் பரீட்சைக்குப் படிக்கிறவர்களும் முந்தின நாளே எண்ணைப் பதிந்து வைத்துவிட்டால், விடியற்காலையில் ஆபரேட்டர் கூப்பிட்டு எழுப்ப வேண்டும். நெடுங்கரையில் பாதிப் பேர் வேலைக்குப் போனதும் கால்வாசிப் பேர் பாஸானதும் ரூபாவதியின் குரலால்தான். அதற்கும் விதிகள் இருந்தன. மரியாதையாகக் கூப்பிட வேண்டும். மணியைச் சரியாகச் சொல்ல வேண்டும். மறுமுனையில் "ம்" என்றாவது சத்தம் வரும்வரை லைனை வைக்கக் கூடாது. ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை கூப்பிட்டு, எழுந்தவர் மறுபடி படுத்துவிடவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். கழுவாத வாயோடு ஹெட்செட்டைத் தொடக் கூடாது என்பது அவரே தனக்குப் போட்டுக்கொண்ட விதி. ஆகவே மஞ்சள் தாளில் இருந்த வரிசையை மட்டும் அவர் சற்று மாற்றினார்: முதலில் நாக்கு, பிறகு வெந்நீர், பிறகு எண்ணெய் கொப்பளிப்பு, அதற்குப் பிறகு சூரியன்.

ஒன்பதாம் நாள் நல்லெண்ணெய் டின்னின் மூடி திறக்கவில்லை. ரூபாவதி அதைக் கதவிடுக்கில் வைத்துத் திருகி, துணி போட்டுத் திருகி, கடைசியில் ஆணியால் ஓட்டை போட்டுக் கொப்பளித்து முடித்து மாடி ஏறியபோது இருபத்து மூன்று நிமிடம் தாமதமாகியிருந்தது. சூரியனும் இருபத்து மூன்று நிமிடம் தாமதமாக எழுந்தது. கூப்பிட்டு எழுப்ப ஒரு ஆள் இருக்கும்போது தானாக எழ யாருக்குத்தான் மனம் வரும்? அன்றிலிருந்து அது கூப்பிடாமல் எழுந்ததே இல்லை.

இதை முதலில் கண்டுபிடித்தவர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடை மாடக்கண்ணு. எல்லாரும் இரண்டாவது டீ கேட்டதில் அவருக்குச் சந்தேகம் தட்டியது. அடுத்து, காலை முதல் பஸ்ஸை ஓட்டிவந்த டிரைவர், நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பொய்கைப்பட்டியில் பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்ததாகவும், நெடுங்கரை எல்லைக் கல்லில் அந்த வெயில் கத்தியால் நறுக்கியதைப் போல் நின்றதாகவும், முன்விளக்கைப் போட்டுக்கொண்டுதான் ஊருக்குள் வந்ததாகவும் சொன்னார். முதல் நாள் ஊர் மின்வாரியத்தைத் திட்டியது, இரண்டாம் நாள் பஞ்சாங்கத்தைத் திட்டியது, மூன்றாம் நாள் பொய்கைப்பட்டிக்காரர்களைத் திட்டியது, நாலாம் நாள், மாடியிலிருந்து அவர் கூப்பிட்ட பிறகே விடிவதைக் கவனித்துவிட்டு, நாற்பது பேர் ரூபாவதி வீட்டுக் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றார்கள், ஐந்தாம் நாள் பழகிவிட்டது.

பழகிய விதம் இப்படி. சேவல்கள் பழைய நேரத்துக்கே கூவிக் கூவித் தொண்டை கட்டி, பிறகு ரோஷத்தை விட்டுவிட்டு, விடியுமுன் ரூபாவதியின் கைப்பிடிச் சுவரில் வரிசையாக வந்து உட்கார்ந்து அவர் மாடி ஏறும்வரை காத்திருந்தன. வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள் அக்கா இன்னும் கொஞ்ச நேரம் கொப்பளிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். முகூர்த்தம் தப்பிவிடும் போலிருந்த கல்யாண வீட்டார் வெற்றிலை பாக்கோடு வந்து பத்து நிமிடம் முன்னால் எழுப்பச் சொன்னார்கள். "சொன்ன மணிக்கு முன்னால எழுப்பினா வாயில வந்தபடி ஏசுவாங்க, எனக்கு அனுபவம் இருக்கு" என்று ரூபாவதி மறுத்துவிட்டார். மிளகாய் வத்தல் காயப்போடுகிறவர்கள் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் பாய் விரித்தார்கள். பொய்கைப்பட்டிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். நெடுங்கரை ஆளைக் கண்டால் போதும்.

"என்ன வே, ஒங்க ஊர்ல விடிஞ்சிட்டா?"

"இன்னும் இல்ல. அக்கா கொப்பளிச்சிக்கிட்டு இருக்கா."

"அதான் மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே. விடியாமூஞ்சி."

பேரூராட்சி செயல் அலுவலர் புனிதராஜ் எதையும் ஒரு பதிவேட்டில் ஏற்றாமல் நம்பாதவர். அவர் நீளநோட்டு ஒன்றை வாங்கி, தேதி, உதயம், தாமதம், காரணம் என்று நாலு பத்தி கோடு போட்டு, தினமும் காலையில் மப்ளர் சுற்றிக்கொண்டு ரூபாவதியின் வாசலுக்கு வந்தார்.

"மேடம், இன்னைக்கு எத்தனை மணிக்கு?"

ரூபாவதி கன்னம் இரண்டும் உப்ப மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"மேடம், உங்களத்தான் கேக்கேன்."

"சார், வாயில எண்ணெய் இருக்கு. பேசக் கூடாது" என்றார் டீ கொண்டுவந்த மாடக்கண்ணு.

"எவ்வளவு நேரம் ஆகும்னு மட்டும் சொன்னாப் போதும்."

ரூபாவதி நாலு விரலைக் காட்டினார். புனிதராஜ் காரணம் என்ற பத்தியில் 'நான்கு நிமிடம் (விரல் மூலம்)' என்று எழுதிக்கொண்டார்.

அக்டோபரில் ஒரு நாள் தற்செயலாகத் தன் தாளைத் தானே படித்துப் பார்த்த அச்சுதன் வைத்தியர் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். "ஐயோ, எழும்பவும் என்றல்லவா எழுதித் தந்தேன்! இது அச்சுப் பிழை. நீங்க எழும்பினால் போதும், அதை எழுப்ப வேண்டாம்!" புனிதராஜ் அவரைக் கைத்தாங்கலாக ஓரமாக அழைத்துப் போய், "வைத்தியரே, இப்பத் திருத்தினா ஊருக்கு யார் விடியவைப்பா?" என்று கேட்டார். வைத்தியர் யோசித்துப் பார்த்து, திருத்தாமல் அப்படியே இன்னும் ஐந்நூறு பிரதிகள் அச்சடிக்கச் சொன்னார்.

ரூபாவதி நலமாக இருந்தால்தான் ஊர் விடியும் என்பதால், தாளில் இருந்த மற்ற பத்து விதிகளும் ஊரின் பொறுப்பாயின. அவர் பத்து மணிக்குத் தூங்க வேண்டும் என்று ஒலிபெருக்கிகள் ஒன்பதரைக்கு அடங்கின, சினிமாக் கொட்டகையில் இரண்டாம் ஆட்டம் நின்றது, நாய்களுக்கு முன்கூட்டியே சோறு போட்டுப் படுக்கவைத்தார்கள். பொழுது சாயுமுன் அவர் சாப்பிட்டாரா என்று பார்க்க வந்த பெண்கள், வந்த இடத்தில் அவரோடு நூறு அடி நடந்தார்கள். அவர்களைத் தேடிவந்த புருஷன்மார்கள் பின்னால் நடந்தார்கள். டிசம்பருக்குள் கீழரத வீதியில் மாலை ஆறே காலுக்கு நானூறு பேர் சேர்ந்தாற்போல் நூறு அடி போவதும் நூறு அடி வருவதுமாக இருந்தார்கள். ரூபாவதியின் முழங்கால்கள் வேலைநிறுத்தத்தை வாபஸ் வாங்கின. ஒரு நாள் காலையில் அவர் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி மாடிக்குப் போனதைக் கைப்பிடிச் சுவர் சேவல்கள் எழுந்து நின்று பார்த்தன.

இந்தச் சந்தோஷத்துக்கு நடுவில், நாக்பூரில் ரயில்வே வேலையில் இருக்கும் மகள் பானுரேகா போன் செய்தாள். அவளுக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். இரண்டு தடவை உண்டாகி இரண்டும் தங்கவில்லை.

"அம்மா, ஆறு மாசம் தாண்டிட்டு. மார்ச் பதினாறுன்னு தேதி குடுத்திருக்காங்க. பயந்துக்கிட்டுதான் இவ்வளவு நாள் சொல்லல."

ரூபாவதிக்கு உடனே பேச்சு வரவில்லை. வாயில் எண்ணெயும் இல்லை.

"நீ வரணும்மா. வேற யாரும் வேண்டாம். போன ரெண்டு தடவையும் லீவு கெடைக்கலன்னு சொன்ன. எக்ஸ்சேஞ்சுல ஆள் இல்லன்னு சொன்ன. இந்தத் தடவையும் டூட்டின்னு சொல்லிராத."

"நான் ரிட்டையர் ஆயிட்டேன் ஏட்டி. இனி எனக்கு என்ன டூட்டி? வாரேன். சத்தியமா வாரேன்."

போனை வைத்த பிறகுதான் மாடிப்படி அவர் கண்ணில் பட்டது.

மறுநாள் பேரூராட்சி அலுவலகத்தில் புனிதராஜ் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "மேடம், நீங்க அத்தியாவசியப் பணி. ஊர் எல்லையைத் தாண்டக் கூடாதுன்னு மன்றத்துல ஒருமனதாத் தீர்மானம் போட்டிருக்கு."

"என்னைக் கேக்காமலா?"

"நீங்க கொப்பளிச்சிக்கிட்டு இருந்தீங்க."

"சார், எம் மக ரெண்டு புள்ளையத் தனியா இருந்து இழந்தா. ரெண்டு தடவையும் நான் யார் யாரையோ ரயிலுக்கு எழுப்பிக்கிட்டு இருந்தேன். மார்ச் பன்னெண்டாம் தேதி எனக்கு டிக்கெட். ஊர் விடிஞ்சாலும் போவேன், விடியாட்டாலும் போவேன்."

புனிதராஜ் உட்கார்ந்தார். அவரும் இரண்டு பிள்ளைகளின் தகப்பன். "மாற்று ஆள் இருந்தா விடுப்பைப் பரிசீலிக்கலாம்" என்றார்.

மாற்று ஆள் தேடும் படலம் ஜனவரியில் தொடங்கியது. முதலில் புனிதராஜே மைக் பிடித்து, "சூரியன் அவர்கள் உடனடியாக உதயமாகுமாறு பேரூராட்சி சார்பில் கேட்டுக்கொள்ளப்படுகிறார்" என்று மூன்று முறை அறிவித்தார். சூரியன் தென்னைமரத்துக்குப் பின்னால் ஒரு சாண் உயரம் எழுந்து, யார் என்று பார்த்துவிட்டு, போர்வையை இழுத்து மூடிக்கொள்வதைப் போல் மேகத்தை இழுத்துக்கொண்டு திரும்ப இறங்கிவிட்டது. உடற்பயிற்சி ஆசிரியர் விசில் ஊதினார். நாதஸ்வரக் கோஷ்டி ஒன்று பூபாளம் வாசித்தது. அதைக் கேட்டு அது இன்னும் சுகமாகத் தூங்கியது. ரூபாவதியின் குரலை செல்போனில் பதிவு செய்து போட்டுப் பார்த்தார்கள். முதல் நாள் எழுந்தது, இரண்டாம் நாள் கண்டுகொள்ளவில்லை. "ரெக்கார்டுன்னு தெரிஞ்சா எந்த மனுஷனும் திரும்பப் படுத்துருவான்" என்றார் ரூபாவதி. அவரையே பொய்கைப்பட்டி வரை அனுப்பி, அங்கிருந்து போனில் கூப்பிடச் சொல்லி, மாடியில் ஒலிபெருக்கி கட்டிப் பார்த்தார்கள். பொய்கைப்பட்டியில் சூரியன் ஏற்கெனவே எழுந்து அவரோடு நின்றுகொண்டிருந்தது; லைன் எங்கேஜ்டாக இருப்பதைப் போல நெடுங்கரை வானம் அசையவேயில்லை. ஒவ்வொரு நாளும் கடைசியில் ரூபாவதி மாடி ஏறிக் கூப்பிட்டுத்தான் விடிந்தது.

"கழுவாத வாயோடு கூப்பிட்டா யார்தான் வருவாங்க?" என்று அவர் சொன்னதை ஊர் பிடித்துக்கொண்டது. மாசி பிறப்பதற்குள் ஆயிரத்து நானூறு வீட்டிலும் நாக்கு வழிக்கிற செம்பு வழிப்பான் வந்துவிட்டது. காலை ஐந்து மணிக்கு நெடுங்கரை முழுக்கக் கன்னம் உப்பிய ஊராக இருந்தது. யாரும் யாரோடும் பேசவில்லை, வணக்கம் சொல்கிறவர்கள் புருவத்தால் சொன்னார்கள், சண்டை போடுகிறவர்கள் விரலால் போட்டார்கள், வருடக்கணக்காக வாய்த்தகராறில் இருந்த அண்ணன் தம்பி இருவர் வாய் திறக்க வழியில்லாமல் பதினைந்து நிமிடம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றதில் முதலில் தம்பிக்குச் சிரிப்பு வந்து எண்ணெய் முழுக்க அண்ணன் வேட்டியில் கொட்டி, அத்தோடு சமாதானமானது. எண்ணெய் தேய்த்து நடந்த உடம்புகள் வெயிலில் பளபளத்ததைப் பார்த்துப் பொய்கைப்பட்டிக்காரர்கள் விடியாமூஞ்சி என்று கூப்பிடுவதை நிறுத்தினார்கள். ஊருக்கே பசி நேரத்துக்கு வந்தது, தூக்கம் நேரத்துக்கு வந்தது, காரணமில்லாமல் சிரிப்பும் வந்தது. சூரியன் மட்டும் வரவில்லை. யார் கூப்பிட்டாலும் ஒரு சாண் எழும், பிறகு இறங்கும்.

இதில் நஷ்டப்பட்டவர் ஒரே ஒருவர்தான். பஸ் ஸ்டாண்ட் பரோட்டாக் கடை மாஸ்டர் பிச்சை மைதீன், நாற்பத்தெட்டு வயது. சூரிய உதயத்தை அவர் சொந்தக் கண்ணால் பார்த்தது சிறுவயதில், அதுவும் காய்ச்சலில். ராத்திரி ஒரு மணி வரை கல்லில் நின்று, மூன்று மணிக்குப் படுத்து, பதினொரு மணிக்கு எழுகிற மனிதர். ஊர் பொழுது சாயுமுன் சாப்பிட ஆரம்பித்ததும் கடை ஏழரைக்கே காலியானது. பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் அவர் ரூபாவதி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"எக்கா, ஒங்களால என் பொழப்பே போச்சு."

"நான் என்ன செஞ்சேன் தம்பி?"

"ஏழரைக்கு அடுப்ப அணைச்சிட்டு என்னத்தச் செய்ய? வீட்டுக்குப் போறேன். பொஞ்சாதி யாரு நீங்கன்னு கேக்கா. ஒம்பதுக்குத் தூக்கம் வந்துருது. நாலு மணிக்கு முழிப்பு வந்துருது. முழிச்சி என்னத்தச் செய்யன்னு தெரியாம நானும் நாக்க வழிச்சி, எண்ணெயக் கொப்பளிச்சி, காலு கையெல்லாம் தேச்சிக் குளிச்சிட்டுச் சும்மா உக்காந்திருக்கேன். வயித்து எரிச்சல் போயிட்டு, ஒத்துக்கிடுதேன். ஆனா காலையில நாலு மணிக்கு முழிச்சிருக்கது மனுசன் செய்ற காரியமா?"

"காலையில பரோட்டா போடேன்."

"காலையில பரோட்டாவா? நாக்கு கூசலையா ஒங்களுக்கு?" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மார்ச் 11, திங்கட்கிழமை. மறுநாள் ரயில். ரூபாவதியின் பெட்டி கட்டிலின் மேல் பாதி அடுக்கிக் கிடந்தது. அதில் மகளுக்குத் தேய்க்க ஒரு பாட்டில் தைலமும், குழந்தைக்கு ஆறு துணிகளும் இருந்தன. போன தடவை தைத்த துணிகள்தான் அவை. கொடுக்க நேராமல் போனவை. இன்றைக்கு ஆள் கிடைக்காவிட்டால் நாளை முதல் நெடுங்கரைக்கு விடியாது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கடைசிப் பரீட்சைக்கு அறுபத்து நாலு பேர் பெயர் கொடுத்து, படியிலிருந்து தெருமுனை வரை வரிசையில் நின்றார்கள். அத்தனை பேர் நாக்கும் ரோஜா இதழாக இருந்தது. ஒவ்வொருவரும் மாடி ஏறி, மரியாதையாக, மணியைச் சரியாகச் சொல்லி, ரூபாவதி சொல்லிக்கொடுத்த அதே சொற்களில் கூப்பிட்டார்கள். கூப்பிட்டுவிட்டு உடனே திரும்பி, கைதட்டலுக்காகக் கூட்டத்தைப் பார்த்தார்கள். சூரியன் அறுபத்து மூன்று முறை ஒரு சாண் எழுந்து அறுபத்து மூன்று முறை இறங்கியதில், ஊருக்குள் வெளிச்சம் வருவதும் போவதுமாக, யாரோ சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பதைப் போலிருந்தது. அறுபத்து நாலாவதாகப் பெயர் கொடுத்திருந்த மாடக்கண்ணு, பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி நழுவிவிட்டார். மணி ஏழரை தாண்டியது. புனிதராஜ் நோட்டை மூடினார்.

"மேடம், தயவு செஞ்சு..." என்று அவர் ஆரம்பித்தபோது, படிக்கட்டில் யாரோ ஏறிவரும் சத்தம் கேட்டது. பிச்சை மைதீன். கையில் கடை அண்டா.

"எக்கா, வெந்நி போட அண்டா கேட்டீங்கன்னு பொஞ்சாதி சொன்னா. எங்க வைக்க?" என்று கேட்டு, அண்டாவை இறக்கி வைத்துவிட்டு, தாடை கழன்றுவிடும்படி ஒரு கொட்டாவி விட்டார். கொட்டாவி முடிந்து கண்ணைத் திறந்தால், எதிரே தென்னைமரத்துக்குப் பின்னால் சிவப்பாக ஒரு விளிம்பு.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கைப்பிடிச் சுவரில் சேவல்களுக்கு நடுவே முழங்கையை ஊன்றிக்கொண்டு, ரொம்ப நாள் பழகியவரிடம் பேசுகிற குரலில் பேசினார்.

"என்ன அண்ணாச்சி, தூக்கம் போகலையா? எனக்கும்தான். இவங்களுக்கு எங்க தெரியுது நம்ம கஷ்டம். நானும் ஆயுசுக்கும் பதினோரு மணிக்கு எந்திரிச்சவன்தான், மொத ஒரு வாரம் செத்துருவோம்னுதான் இருக்கும், பொறவு சரியாயிரும். ஒரேயடியா எந்திரிக்க வேண்டாம். ஒரு காலக் கீழ வைங்க. என்ன, வைக்கீங்களா?"

கேட்டுவிட்டு அவர் திரும்பிக் கூட்டத்தைப் பார்க்கவில்லை. பரோட்டாக் கல்லுக்கு முன்னால், இன்னும் ரெண்டு வைக்கவா என்று கேட்டுவிட்டு, சாப்பிடுகிறவர் தலையாட்டும்வரை கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவருக்கு முப்பது வருடப் பழக்கம். அதேபோல் நின்றார். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. அப்புறம் சூரியன், தூக்கக் கலக்கத்தில் எழுகிற ஆளைப் போலத் தென்னை மட்டையில் ஒரு தடவை இடித்துக்கொண்டு, ஒரு சாண், இரண்டு சாண், ஒரு முழம் என்று முழுசாக மேலே வந்தது.

தெரு ஆர்ப்பரித்தது. புனிதராஜ் நோட்டைத் திறந்து 7.41 என்று எழுதினார். ரூபாவதி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சரியாக ஐந்து நிமிடம் ஆனதும், சொல்லிக்கொடுக்க ஆள் யாரும் இல்லாமலே, பிச்சை மைதீன் அண்டாவைத் தூக்கப் போனவர் நின்று திரும்பி, "அண்ணாச்சி, எந்திரிச்சாச்சுல்லா? திரும்பப் படுத்துரலியே?" என்று ஒரு குரல் கொடுத்தார்.

ரூபாவதி கீழே இறங்கிப் போய்ப் பெட்டியை அடுக்கி முடித்தார்.

மறுநாள் அவரை வழியனுப்ப வந்த ஊர் மொத்தமும், அப்போதுதான் விடிந்திருந்ததால், எண்ணெயை இன்னும் துப்பாமல் கன்னம் உப்பியபடி பஸ் ஸ்டாண்டில் நின்று கையசைத்தது. பேச முடிந்தவர் புனிதராஜ் ஒருவர்தான், அவர் விடுப்பு ஆணையைக் கொடுத்து, "மாற்று ஏற்பாடு: திரு. பிச்சை மைதீன், தற்காலிகம்னு போட்டிருக்கேன் மேடம். அவர் சம்மதிச்சிட்டார், ஒரு நிபந்தனையோட. ஞாயித்துக்கிழமை மட்டும் எட்டு மணிக்குத்தான் எழுப்புவாராம்" என்றார்.

"ஞாயித்துக்கிழமை அவருக்கும் ஓய்வு வேண்டாமா?" என்றார் ரூபாவதி. அவர் சொன்னது மாஸ்டரையா சூரியனையா என்று யாரும் கேட்கவில்லை.

நாக்பூரில் மருத்துவர் குறித்த தேதிக்கே பானுரேகாவுக்கு வலி எடுத்தது. அம்மாவின் கையை அவள் விடாமல் பிடித்திருந்ததால் நர்ஸ் ரூபாவதியையும் உள்ளே விட்டார். விடியும் நேரத்தில் குழந்தை பிறந்தது. பிறந்த குழந்தை அழவில்லை. தட்டினார்கள், தேய்த்தார்கள், உள்ளங்காலைச் சுண்டினார்கள், மருத்துவர் இந்தியில் ஏதோ வேகமாகச் சொன்னார், நர்ஸ் ஓடினார், பானுரேகா, "அம்மா, என்னம்மா, ஏம்மா சத்தம் வரல?" என்று கேட்டாள். ரூபாவதி மகளின் கையை விடாமலே குனிந்து, அந்தச் சின்னக் காதுக்குப் பக்கத்தில், முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒரு லைனையும் பாதியில் வைக்காத குரலில், "ஹலோ, வணக்கம். மணி ஆறு இருபத்தாறு. எழுந்திருங்க" என்றார்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

குழந்தை "ம்" என்றது. பிறகு மூன்று மாடிக்கும் கேட்கும்படி அழுதது. ஐந்து நிமிடம் கழித்து ரூபாவதி மறுபடி ஒருமுறை கூப்பிட்டு உறுதி செய்துகொண்டார்.

2019 மார்ச் 16, சனிக்கிழமை, நெடுங்கரையில் சூரியன் 6.49-க்கு உதித்ததாகப் பேரூராட்சிப் பதிவேடு சொல்கிறது. தாமதம் இருபத்தொரு நிமிடம். காரணம் என்ற பத்தியில் 'மறுபடி படுத்துவிட்டார்' என்று இருக்கிறது. யார் என்று எழுதப்படவில்லை.